தவளைவாயன் கூட்டுக்குப் போகும் வழி

சூடாமணிக்கு அறுபத்துமூன்று வயது. திருவனந்தபுரம் கோட்டைக்குள் அக்ரஹாரத் தெருவில், அப்பா அம்மா விட்டுப்போன வீட்டில் தனியாக இருக்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு ஒரு நல்ல கேமரா வாங்கினாள். அதற்கப்புறம் ஊர் ஊராகப் பறந்தாள். ஐஸ்லாந்துப் பாறையில் உட்கார்ந்திருக்கும் பஃபின் பறவை, கென்யாவின் ஏரியில் பூநாரைக் கூட்டம், நமீபியப் பாலைவனத்தில் இரண்டே இலையோடு நூற்றாண்டுக் கணக்கில் உயிரோடு கிடக்கும் ஒரு செடி, எல்லாம் அவளிடம் படமாக இருக்கின்றன.

பார்க்கத்தான் ஆளில்லை. கூடப் பயணம் வந்தவர்கள் விமான நிலையத்தில் பெட்டி கைக்கு வந்ததும் தலையசைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பெங்களூரில் இருக்கும் மருமான் அபிஜித்துக்கு அனுப்பினால் "சூப்பர் அத்தை" என்று பதில் வரும். படம் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே வந்துவிட்டதோ என்று தோன்றும்.

ஊரில் பறவைப் படம் எடுப்பவர்களுக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டு, சூடாமணியும் அதில் இருந்தாள். ஞாயிறு காலைகளில் அவர்கள் காரில் சேர்ந்து போவார்கள். அவளை ஒருவரும் அழைத்ததில்லை. வேண்டாமென்று இல்லை, அவள் நினைவு யாருக்கும் வருவதில்லை. அது இன்னும் கஷ்டம், இல்லையா கண்ணுகளா?

போன மாசி மாதம் அவள் பஸ் ஏறி வித்துராவுக்குப் போனாள். அங்கே லீலாபாய் என்ற அம்மாளின் ரப்பர் தோட்டத்தைத் தாண்டினால் காடு தொடங்குகிறது. அந்த ஓரத்தில், ஒரு சின்ன மரத்தில் தவளைவாயன் கூடு கட்டியிருந்தது. காய்ந்த இலையின் நிறத்தில், வாய் மட்டும் தவளை மாதிரி அகன்ற பறவை அது. ஆளைக் கண்டால் பறக்காது. தலையை மேலே தூக்கி, ஒடிந்த கிளை போல விறைத்துக்கொள்ளும். உள்ளங்கை அளவு கூடு, அதில் ஒரே முட்டை. பகலில் ஆண் அடைகாக்கும், இரவில் பெண்.

கூடு இருக்கும் இடத்தை வெளியில் சொல்லக்கூடாது. படம் எடுப்பவர்களுக்குள் அது எழுதாத சட்டம். கூட்டம் சேர்ந்தால் பறவை முட்டையை விட்டுவிட்டுப் போய்விடும். இடத்தைச் சொன்ன மற்றவர்களைச் சூடாமணியே அந்தக் குழுவில் கண்டித்திருக்கிறாள்.

தூரத்திலிருந்து ஒரு படம் எடுத்துக் குழுவில் போட்டாள். அன்றே போன் வந்தது. ஹரிகுமார், சாலைக் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவன், குழுவுக்குத் தலைவன் மாதிரி.

"சேச்சி, என்ன படம் அது! எங்க கிட்டிச்சு?"

"வித்துரா பக்கம்."

"வித்துரா பெரிய இடமாக்கும்."

"அதுக்கு மேல சொல்லப்படாது ஹரி. நோக்குத் தெரியாததா?"

"செரி, விடுங்க. சேச்சி சாப்பிட்டாச்சா? இந்த வெயில்ல பஸ்ஸிலயா போறது? நம்ம வண்டி சும்மா கிடக்கு. ஞாயித்துக்கிழமை வாசல்ல வந்து கூட்டிட்டுப் போறேன். வேற ஒருத்தருகிட்டயும் சொல்லமாட்டேன், சத்தியம்."

சாப்பிட்டாச்சா என்று அவளை யாரும் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. சொல்லிவிட்டாள்.

அந்த ஞாயிறு அவர்கள் இருவர் மட்டும். ஹரி தள்ளியே நின்று படம் எடுத்தான். வழியெல்லாம் அவள் கைபேசியில் நமீபியச் செடியைப் பார்த்து, "இது இலையா, கிழிஞ்ச பாயா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். அவள் கட்டிக்கொண்டு வந்த மிளகாய்ப்பொடி தடவிய தோசைகளில் ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. அடுத்த வாரம், "ஷிஜா மட்டும் வரட்டா சேச்சி? பல் டாக்டராக்கும், பொறுமைசாலி" என்றான். அவள் சரியென்றாள். அதற்கடுத்த ஞாயிறு வாசலில் இரண்டு கார் நின்றது.

இப்போது கோபித்துக்கொள்ளாதீர்கள், அன்று அவள் சந்தோஷமாக இருந்தாள். முன் சீட்டை அவளுக்கே கொடுத்தார்கள். பிளாஸ்க் தேநீர் முதலில் அவளுக்கு வந்தது. யாரோ சொன்னதற்கு அவள் கடகடவென்று சிரிக்க, "சேச்சி இப்படிச் சிரிச்சா காட்டுல ஒரு பட்சி மிச்சம் இருக்காது, கேட்டோ" என்றாள் ஷிஜா. அதற்கும் சிரித்தாள்.

மரத்தருகே வந்தபோது கூட்டுக்கு முன்னால் வெளிச்சமாக இருந்தது. பறவையின் முகத்தை மறைத்துத் தொங்கிய இலைக்கொத்தைக் காணோம். கீழே கிடந்தது, கத்தியால் சீவிய வெட்டு. வெயில் நேராகக் கூட்டில் விழுந்தது. ஆண்பறவை தலையைத் தூக்கி விறைத்திருந்தது. தொண்டை மட்டும் படபடவென்று துடித்தது.

"யாரு வெட்டினது?"

"நேத்து வந்தப்போ... ஒரு கொம்புதான் சேச்சி" என்றான் ஹரி. "படத்துல பட்சியோட கண்ணு தெரியல்ல."

"நேத்தும் வந்தேளா?"

பின்னாலிருந்து ஒருவர் சொன்னார்: "சேச்சிக்கு நல்ல படம் கிடைச்சாச்சு. நமக்கும் வேண்டாமா?"

அவள் கையில் தேநீர் இருந்தது. வாயைத் திறந்தால் முன் சீட்டும் போகும், இந்த ஞாயிறுகளும் போகும். கேமராக்கள் சடசடத்தன. பறவை அசையவில்லை.

தேநீரைக் கொட்டிவிட்டு, அவள் போய் அவர்கள் லென்சுகளுக்கு முன்னால் நின்றாள்.

"சேச்சி, அஞ்சே மினிட்."

"வேணும்னா என்னைப் படம் எடுத்துக்கோங்கோ. நான் நகரப்போறதில்லே."

யாரோ சிரிக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. கேமரா முக்காலிகளை மடக்கினார்கள். "வாங்க, வண்டில பேசிக்கலாம்" என்றான் ஹரி. அவள் வரவில்லை என்று தலையாட்டினாள்.

அவர்கள் போனதும், வெட்டிய கொம்பை எடுத்துப் பக்கத்து மூங்கிலில் செருகினாள். கூட்டின் மேல் கொஞ்சம் நிழல் விழுந்தது. திரும்பிப் பார்க்காமல் தோட்டத்து வீட்டுக்கு நடந்தாள்.

"கேட்டைப் பூட்டிடுங்கோ லீலாபாயம்மா. காட்டுப் பக்கம் யாரையும் விடாதேங்கோ."

"உன் கூட்டாளிகளையுமா?"

"அவாளையும். என்னையும்."

"நீ என்ன செய்தே எம்மா?"

"நான்தான் வழி சொன்னேன்."

லீலாபாய் உள்ளே போய்ப் பூட்டை எடுத்து வந்தாள். "ரப்பர் வெட்டப் போகும்போ நான் எட்டிப் பார்த்துப் போன் பண்ணட்டா? குஞ்சு வந்துதா இல்லையான்னு?"

சரி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "வேண்டாம். நீங்களும் போகாதேங்கோ."

"பின்ன உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

ஊர் திரும்பும் பஸ் நெடுமங்காடு தாண்டும்போது கைபேசியைப் பார்த்தாள். குழுவிலிருந்து அவளை நீக்கியிருந்தார்கள்.

பங்குனி போயிற்று, சித்திரையும் போயிற்று. அந்த முட்டை என்ன ஆயிற்றென்று அவளுக்குத் தெரியாது. உங்களுக்குச் சொல்ல எனக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டில்தான் இருக்கிறாள். அவள் தெரு இருக்கும் கிழக்கேகோட்டைப் பக்கம் போனால் ஒரு நடை எட்டிப் பாருங்கள். பூநாரையைக் காட்டச் சொல்லுங்கள், பாலைவனத்துச் செடியைக் காட்டச் சொல்லுங்கள், நிதானமாக உட்கார்ந்து பாருங்கள். தவளைவாயன் எங்கே இருக்கிறதென்று மட்டும் கேட்காதீர்கள்.