முழுமூச்சு இழுத்த கார்

அந்த நீலக் கார் முதன்முதலாக முழுமூச்சு இழுத்த பிற்பகலில், தெருவிலிருந்த திரைச்சீலைகள் எல்லாம் சன்னலைத் தாண்டி வெளியே வந்து அதன் முகப்பை நோக்கி நீண்டு நின்றன. பல் மருத்துவரின் மேசையிலிருந்த பஞ்சு பறந்துபோனது. வழுக்கையை மறைக்க ஒரு பக்கத்து முடியை மறுபக்கம் வாரியிருந்த தையற்காரர், அன்றைக்குத் தெருவுக்கு உண்மையைக் காட்ட வேண்டியதாயிற்று. வேறு சேதமில்லை.

அந்தக் கார், அதே தெருவில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் பெண்ணின் கணவருடையது. அவர் அதை வாடகைக்கு ஓட்டினார். பழைய பெட்ரோல் வண்டி, டர்போ கிடையாது. ஆஸ்பத்திரி மேட்டில் ஏறும்போது நான்கு பேர் இருந்தால் இரண்டு பேர் இறங்கி நடக்க வேண்டும். கணவர் அதைப் பெரிதுபடுத்தியதில்லை. இறங்குகிறவர்களிடம், "அப்படியே காத்தாட நடந்து வாங்க, மேல நிக்கிறேன்" என்பார். மெக்கானிக்கால்தான் பொறுக்க முடியவில்லை. ஊரார் வண்டியையெல்லாம் ஓட வைக்கிறவள் வீட்டு வண்டி மேட்டில் இளைக்கலாமா? அவளுடைய அண்ணன் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவைப் பொருத்திக் கொடுப்பதில் பேர் பெற்றவர். ஒரு விடுமுறை நாளில், சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னாலும் அவர் பேச்சைத் தொடங்கினார்.

"டர்போ வெக்காம இதுல ஒண்ணும் தேறாது. பழசைக் கட்டிக்கிட்டு மாரடிக்காத."

"டர்போன்னா பக்கத்துல ஒரு ஆளை நிக்க வெச்சு வாயில ஊதச் சொல்றது. என் வண்டி அதுவா மூச்சு விடட்டும்."

"அப்ப நான் இத்தனை வருஷமா ஊதுகுழலா விக்கிறேன்?"

"நான் சொல்லல. நீதான் சொல்ற."

அதோடு அண்ணன் தங்கை பேச்சு நின்றது. அண்ணி மட்டும் போன் செய்வாள். "உங்கண்ணன் பக்கத்து ரூம்ல காது கேக்காத மாதிரி உக்காந்திருக்காரு, சத்தமாவே பேசு" என்பாள்.

சவாரி இல்லாத நாட்களில் மெக்கானிக் என்ஜினின் தலையைக் கழற்றினாள். காற்று உள்ளே போகும் வழியில் வார்ப்பில் விட்டுப்போன மேடுபள்ளங்களை எம்ரி தாளால் தேய்த்தாள். சோறு ஆக்கும் நேரம் போக, வாடிக்கையாளர் வேலை போக, கிடைத்த நேரமெல்லாம் தேய்த்தாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடித்து வேறு ஊர்களுக்குப் போனார்கள். அவள் தேய்த்துக்கொண்டிருந்தாள். வால்வுகள் இன்னும் கொஞ்சம் அதிகம் திறக்கும்படி செய்தாள். சூடான என்ஜின் அறைக்குள்ளிருந்து இழுத்த காற்றை, காரின் முன்விளக்குக்குப் பக்கத்திலிருந்து குளிர்ச்சியாக இழுக்கும்படி குழாயை மாற்றினாள். புகைக்குழாயின் கோணல்களை நிமிர்த்தினாள். பூட்டி முடித்து ஸ்டார்ட் செய்த அன்றுதான் திரைச்சீலைகள் வெளியே வந்தன. மறுநாள் முதல் ஆஸ்பத்திரி மேட்டில் யாரும் இறங்கி நடக்கவில்லை. எதிர்காற்றே அந்தக் காருக்கு வாய்க்கவில்லை. வந்த காற்றையெல்லாம் அது குடித்துவிட்டது. தெருக்காரர்கள் சன்னலுக்குக் கொக்கி போட்டுக்கொண்டார்கள்.

அண்ணன் குடியிருந்தது அந்த மேட்டின் பாதியில், ஓர் ஏழு மாடிக் கட்டடத்தின் உச்சியில். ஒரு காலை அதன் கீழ்த்தளத்து மெத்தைக் கடையில் தீப்பிடித்தது. நெருப்பு கடையைத் தாண்டவில்லை. பஞ்சுப் புகைதான் மாடிப்படியை நிரப்பியது. தீயணைப்பு வண்டி ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டது. அண்ணன் கடையில் இருந்தார். அண்ணி மெக்கானிக்கை அழைத்தாள்.

"படியில எறங்க முடியல. கையை நீட்டுனா கை தெரியல. பொண்ணுங்க இருமுதுங்க."

"பால்கனிக் கதவைத் திறந்து வெச்சிட்டுக் கீழ குனிஞ்சு உக்காருங்க அண்ணி. வந்துட்டேன்."

கணவர் காரை ஒரே இழுப்பில் மேட்டில் ஏற்றினார். மாடிப்படி வாசலுக்குள், ஆள் இறங்க வழி விட்டு முகப்பை நுழைத்து நிறுத்தச் சொன்னாள் மெக்கானிக். அவர் ஆக்சிலரேட்டரை அழுத்த, கார் இழுக்கத் தொடங்கியது. புகை படிப்படியாக இறங்கி அதன் மூக்குக்குள் போனது. பின்னால் வெள்ளையாக, சலவைக்குப் போய்வந்தது போல வெளியேறியது. இரண்டாம் மாடிக்காரர்கள் இறங்கி வந்துவிட்டார்கள். அப்போது என்ஜின் விக்கியது. தூசி தடுக்கும் ஃபில்டர் கரியால் அடைத்துவிட்டது. மெக்கானிக் போனெட்டைத் திறந்து ஃபில்டரை வெறுங்கையால் பிடுங்கி எறிந்தாள்.

"கரி உள்ள போனா சிலிண்டர் கீறிடும்மா," என்றார் கணவர். அத்தனை வருட உழைப்பு அவருக்குத் தெரியும்.

"சிலிண்டரை மாத்திக்கலாம். அண்ணியை மாத்த முடியுமா? காலை எடுக்காதீங்க."

அவர் எடுக்கவில்லை. அவள் சூடான என்ஜின்மேல் கையை வைத்தபடி நின்றாள். அதன் நடுக்கம் அவள் தோள்வரை ஏறியது. உள்ளே உலோகம் கீறும் ஓசை அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. மேலே படிகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. தலைமுடியெல்லாம் முன்பக்கம் நீண்டு பறக்க, அண்ணி தன் இரண்டு பெண்களையும் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

அண்ணன் ஓடி வந்து சேர்ந்தபோது மூன்று பேரும் நடைபாதையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு காரின் பின்பக்கம் போய், புகைக்குழாய்க்கு நேரே உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு நின்றார். தங்கையின் பக்கத்தில் வந்தவர் தரையில் கிடந்த ஃபில்டரைப் பார்த்தார்.

"ஃபில்டர் இல்லாம ஓட்டாத. கடையில புதுசு இருக்கு, எடுத்துட்டு வரேன்."

"மெதுவா வா. ஏழாவது மாடியில இன்னும் கொஞ்சம் புகை இருக்கு, அதையும் இழுத்துட்டு நிறுத்துறேன்."

கீறிய சிலிண்டர்களை அந்த மழைக்காலம் முழுவதும் இருவரும் சேர்ந்து சரிசெய்தார்கள், சண்டை போட்டுக்கொண்டேதான். அண்ணன் இன்றைக்கும் டர்போ விற்கிறார், நன்றாகவே விற்கிறது. ரயில்வே கேட் மூடியிருக்கும் நேரம் எங்காவது தீப்பிடித்தால் தீயணைப்பு நிலையத்திலிருந்து மெக்கானிக்குக்குப் போன் வரும். தெருப் பெண்கள் துணி துவைக்கும் முன்பு, வண்டியை எத்தனை மணிக்கு எடுப்பீர்கள் என்று அவள் கணவரிடம் கேட்டுக்கொள்கிறார்கள். அந்த நேரம் பார்த்துக் கொடியில் போட்டால், கனமான போர்வைகூட உடனே காய்ந்துவிடுகிறது.