கூரைமேல் டென்னிஸ்

நியூ சவுத் வேல்ஸில் எங்கள் ஊர்த் தேவாலயத்துக்குக் கூரை போட்டவன் டென்னிஸ் மல்காஹி. அயர்லாந்திலிருந்து கைதியாகக் கப்பலேற்றப்பட்டவன். எழுதப் படிக்கத் தெரியாது. அயர்லாந்தில் இருந்த தாய்க்குப் பதினோரு வருஷமாக அவனைப் பற்றி ஒரு சேதியும் போகவில்லை.

கூரை வேலை முடியும் தறுவாயில், பாதிரியாரின் தங்கை லிடியா எதிரே புல்வெளியில் உட்கார்ந்து தேவாலயத்தை நீர்வண்ணத்தில் வரைந்துகொண்டிருந்தாள். அண்ணன் வீட்டுக் கூடத்தில் மாட்டுவதற்கான படம் அது. டென்னிஸ் ஏணியில் இறங்கி வந்தான்.

"மிஸ், கூரைமேல ஒரு ஆளையும் போடுங்களேன்."

"யாரை?"

"என்னைத்தான். அம்மாவுக்கு அனுப்பணும். நான் செத்துட்டேன்னு நெனச்சிட்டிருப்பாங்க."

"அப்போ மூஞ்சி தெரியணுமே! போய் ஏறி உக்காரு. அசையாதே."

"அசைஞ்சா விழுந்துருவேன் மிஸ்," என்று சிரித்தான்.

வரைந்து முடித்ததும் லிடியா அந்தப் படத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த கப்பலிலேயே அவன் தாய்க்கு அனுப்பிவைத்தாள்.

ஒரு வருஷம் கழித்துப் பதில் வந்தது. தாய் சொல்லச் சொல்ல அவள் ஊர்ப் பாதிரியார் எழுதியிருந்த கடிதத்தை லிடியாதான் வாசித்துக் காட்டினாள்.

"நல்லாத்தான் இருக்கே. வெயில்ல தொப்பி போட மாட்டியா? படத்தை அடுப்புக்கு மேல மாட்டியிருக்கேன். வரைஞ்ச மகராசிக்காகத் தெனமும் ஜெபம் பண்றேன்."

டென்னிஸ் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

"இன்னொரு தடவை வாசிங்க மிஸ்."

லிடியா முதலிலிருந்து வாசித்தாள்.