இருபத்து மூன்றாம் கல்

காலை ஒன்பது பதினேழுக்கு அக்கா பேசுவதை நிறுத்தினாள்.

முன்னால் மிதித்துக்கொண்டிருந்த அவனுக்கு அது முதலில் காதுக்கு இதமாகத்தான் இருந்தது. முப்பது வருடம் பள்ளியில் கணக்கு நடத்தியவள். ஓய்வு பெற்றதும் வகுப்பறை போயிற்று, குரல் போகவில்லை. ஏழு மணிக்கு ஏறியதிலிருந்து சைக்கிள் சீட்டைத் திட்டினாள், எதிர்க்காற்றைத் திட்டினாள், தன்னை இழுத்து வந்த தம்பியைத் திட்டினாள்.

இரண்டு வருடம் கெஞ்சி அழைத்து வந்திருந்தான். அவன் போட்ட பாதை இது. கடலை ஒட்டி அறுபது கிலோமீட்டர். பிறகு தண்டவாளம் பிடுங்கிய பழைய ரயில் தடத்தில் ஏறி உள்நாட்டுக்குள் நாற்பது. பை கட்டிக்கொண்டு சைக்கிளில் ஊர் சுற்றுகிறவர்களுக்காகவே போட்டது. காரும் லாரியும் வராது, மோட்டார் சைக்கிளும் வராது. நூறு கிலோமீட்டருக்கு ஒரு ஹாரன் கேட்காது. பாதைத் துறையில் அவன் பொறியாளர். இருபத்தாறு வருட வேலையில் அவன் நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளும் காரியம் இது ஒன்றுதான்.

பாதையைச் சாலை தொடும் இடங்களில் கேட். மொத்தம் பதினொன்று. கேட் என்றாலும் கதவு கிடையாது. குறுக்கே மூன்று கற்கள், அவற்றுக்கு இடையே சைக்கிள் மட்டும் நுழைய இடைவெளி. வரும் வழியில் ஆறாம் கேட்டில் அக்காவின் ஹேண்டில் மாட்டிக்கொண்டது.

"ஏன்டா பூட்டு, இது பாதையா எலிப்பொறியா?"

"நேரா பிடிச்சா போயிடும்க்கா."

"காலைல இன்னும் ரெண்டு வாய் தின்னிருந்தா நான் அந்தப் பக்கமே நின்னிருப்பேன்."

பூட்டு என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். வீடு வரை வந்துவிட்டது. முன்பு நடுக்கல்லுக்குப் பதிலாக இரும்புத் தூண் இருந்தது. பூட்டைத் திறந்தால் உருவி எடுக்கலாம். பராமரிப்பு வண்டி போக அது வேண்டியிருந்தது. யாரோ சாவிக்கு நகல் எடுத்துவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மோட்டார் சைக்கிள்கள் உள்ளே புகுந்தன. சைக்கிளில் வந்த ஒரு பெண்ணுக்கு முட்டி உடைந்தது. அடுத்த மாதமே அவன் பதினொரு தூணையும் பிடுங்கிவிட்டுக் கல் நட்டான். ஒரு மீட்டர் ஆழம். சுற்றிலும் கான்கிரீட். பராமரிப்பு ஆட்களுக்குத் தள்ளுவண்டி கொடுத்தான். மூன்று நாள் அவனைப் பூட்டு என்று சபித்தார்கள். பிறகு வண்டி பழகிவிட்டது, பெயர் தங்கிவிட்டது.

இப்போது பேச்சு நின்றதும் திரும்பிப் பார்த்தான். அக்கா நூறடி பின்னால் இறங்கி நின்றிருந்தாள். இருபத்து மூன்றாம் கிலோமீட்டர் கல்லின் மேல் கையை ஊன்றியிருந்தாள்.

"என்னக்கா, அதுக்குள்ளயா?"

"தாடை வலிக்குதுடா."

"பேசிப் பேசித்தான்."

அவள் பதில் பேச்சுப் பேசவில்லை. அப்போதுதான் அவன் சைக்கிளைக் கீழே போட்டான்.

கிட்டே போனபோது நெற்றியெல்லாம் வியர்வை. காற்று முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது, ஆனாலும் வியர்த்தது. கல்லில் சாய்த்து உட்கார வைத்தான். இடது கையை மடியில் வைத்து வலது கையால் பிடித்துக்கொண்டாள், அது வேறு யாருடைய கையோ என்பது போல.

"நெஞ்சு வலிக்குதா?"

"வலின்னு இல்ல. யாரோ உக்காந்திருக்கிற மாதிரி."

போனில் இரண்டு கோடு சிக்னல். ஆம்புலன்ஸ் எண்ணை அடித்தான். ஒரு பெண் எடுத்தாள். நிதானமான குரல். வயது கேட்டாள், சர்க்கரை உண்டா கேட்டாள். ஐம்பத்தொன்பது, சர்க்கரை இல்லை, பிரஷர் மாத்திரை உண்டு. இடம் கேட்டபோது அவன் குரலில் தெம்பு வந்தது. இதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

"கடலோர சைக்கிள் பாதை. இருபத்து மூணாம் கல். கிட்ட இருக்கிறது ஆறாம் கேட்டும் ஏழாம் கேட்டும். ஆறு அஞ்சு கிலோமீட்டர், ஏழு நாலு."

"இவ்ளோ தெளிவா யாரும் சொல்லமாட்டாங்க சார். வண்டி ஆறாம் கேட் பக்கத்துலதான் இருக்கு. பத்து நிமிஷம். அவங்களை உக்கார வச்சே வைங்க, நடக்க விடாதீங்க."

"சரிம்மா."

"கேட் சாவி யார்கிட்ட இருக்கு சார்?"

அவன் கடலைப் பார்த்தான். கரையெல்லாம் பாறை. ஒரு படகு இல்லை.

"சாவி இல்ல."

"தொலைஞ்சிடுச்சா?"

"இல்லம்மா. பூட்டே கிடையாது."

"அப்ப திறந்துதானே இருக்கு? நல்லதாப் போச்சு." வைத்துவிட்டாள்.

ஆம்புலன்ஸ் நிலையத்திலிருந்து போன வருடம் ஒரு கடிதம் வந்திருந்தது. எங்களுக்கும் ஒரு சாவி கொடுத்துவையுங்கள் என்று இரண்டே வரி. அப்போது கல் நட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. பூட்டே இல்லாத இடத்தில் சாவிக்குத் தேவை எழாது என்று அவன் பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டான். அலுவலகத்தில் அதை உரக்க வாசித்துச் சிரித்தார்கள். அக்காவிடம் சொன்னபோது அவளும் சிரித்தாள். உனக்குள்ளயும் இவ்ளோ குசும்பு இருக்காடா என்றாள்.

மறுபடி எண்ணை அடித்தான். அதே பெண் எடுக்கவில்லை. வேறொருவர் எடுத்து முதலிலிருந்து வயது கேட்டார். கல் இருக்கிறது, வண்டி நுழையாது, ஸ்ட்ரெச்சரோடு நடந்து வரச் சொல்லுங்கள் என்றான். சொல்லிவிடுகிறேன் என்றார்.

"யாருக்குடா இவ்ளோ போன்?"

"வண்டி வருதுக்கா."

"உன் பாதைலதான் வண்டி வராதே." சிரிக்கப் பார்த்தாள். பாதியில் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவன் அவள் காலணியைக் கழற்றினான். எதற்குக் கழற்றினோம் என்று தெரியவில்லை. மறுபடி மாட்டப் போனான், வேண்டாம் என்று பக்கத்தில் ஜோடியாக வைத்தான். அவன் மனைவியின் காலணி அது. சைக்கிளும் அவளுடையதுதான். வலப்பக்கம் சதுப்பு நிலம், நாணல் ஆள் உயரத்துக்கு. அதைத் தாண்டி எங்கோ சாலை. அதன் சத்தம் இங்கே வரக்கூடாது என்றுதான் பாதையை இவ்வளவு தள்ளிப் போட்டிருந்தான்.

ஒன்பது முப்பத்தைந்துக்குத் தெற்கிலிருந்து இரண்டு சைக்கிள்கள் வந்தன. கணவனும் மனைவியும். முன்னும் பின்னும் பைகள், நாலைந்து நாள் வெயில் முகத்தில். அந்தப் பெண் கேட்காமலே உட்கார்ந்து அக்காவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். துண்டை நனைத்துக் கழுத்தில் வைத்தாள்.

அப்போது போன் வந்தது. ஆம்புலன்ஸ் ஓட்டுநர்.

"சார், ஆறாம் கேட்ல நிக்கிறேன். நடுவுல கல்லு சார்."

"தெரியும். நடந்து வரச் சொன்னேனே?"

"அப்படி யாரும் சொல்லலையே. அஞ்சு கிலோமீட்டர் சார், ஸ்ட்ரெச்சரை ரெண்டு பேர் தூக்கிப் போய் வர மதியம் ஆயிடும். கல்லை ஆட்டிப் பாத்துட்டோம், அசையலை. யாரோ ஜென்மப் பகை வச்சு நட்டிருக்கான்."

"உங்ககூட இருக்கிற மருத்துவ உதவியாளர் மட்டுமாவது பையை எடுத்துட்டு வரலாமே. இங்க சைக்கிள் இருக்கு, அனுப்பறேன்."

ஓட்டுநர் யாரையோ கேட்டார். திரும்பி வந்தார்.

"அவருக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாதாம் சார்."

அந்தக் கணவன் ஏற்கெனவே தன் பைகளைக் கழற்றி வழியோரம் வீசிக்கொண்டிருந்தான். "கேரியர்ல உக்கார வச்சு டபுள்ஸ் அடிச்சுக் கூட்டிட்டு வரேன்," என்றான். "வரும்போது எதிர்க்காத்து. எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகும்." கிளம்பிவிட்டான். அவன் முதுகு சின்னதாகி, முதல் வளைவில் மறைந்தது. அந்த வளைவைக் கடலை ஒட்டி வரைந்தது தம்பிதான். பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று.

போயிருக்க வேண்டியவன் தான்தானோ என்று தோன்றியது. அக்கா அவன் சட்டை நுனியைப் பிடித்திருந்தாள். எப்போது பிடித்தாள் என்று தெரியாது.

"நேத்திலேர்ந்து இந்தப் பாதையிலதாங்க வரோம்," என்றாள் அந்தப் பெண், பேச்சுக் கொடுக்க வேண்டும் என்பதற்காக. "அவ்ளோ நிம்மதி. ஆனா ஒரு அவசரத்துக்குக்கூட வண்டி வர முடியாம யாருங்க இப்படிக் கல்லை நட்டது?"

அவன் வாயைத் திறந்தான். அக்கா முந்திக்கொண்டாள்.

"என் தம்பிதாம்மா."

அந்தப் பெண் அவனைப் பார்த்தாள். பிறகு பார்க்காமல் இருந்தாள்.

"சின்ன வயசுல," என்றாள் அக்கா. மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஒரு ஆணி அடிக்கத் தெரியாது இவனுக்கு. விரல்லயே அடிச்சுப்பான்." கண்ணை மூடினாள். "நல்லா நட்டிருக்கான்."

"பேசாதக்கா."

"பாதை நல்லா இருக்குடா. சும்மா சொல்லக்கூடாது."

ஐம்பத்திரண்டு வயதில் அவன் அவளிடம் முதல் தடவையாக வாங்கிய பாராட்டு. அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவள் நாடியைப் பிடித்தான். ஓடியது, நின்று யோசித்தது, ஓடியது. கடியாரத்தைப் பார்த்தபடி எண்ண முயன்றான். பதினெட்டுக்குப் பிறகு எண் பிசகியது. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தான். கணக்கு டீச்சரின் கை அது. அவன் எண்ணுவது சரியா தப்பா என்று சொல்ல வேண்டியவள் சொல்லவில்லை.

போன் அடித்தது. அதே ஓட்டுநர். பின்னால் இஞ்சின் சத்தம்.

"சார், சைக்கிள்காரர் இன்னும் வந்து சேரலை. எங்க ஆளை கேட்லயே நிக்க வச்சிருக்கேன், வந்ததும் ஏறி வந்துடுவார். நான் வண்டியைத் திருப்பிட்டேன். ஊசி போட்டாலும் அவங்களை வெளிய கொண்டாரணும்ல, வண்டி உள்ள வந்தாகணும். ஏழாம் கேட்டுக்குச் சதுப்பைச் சுத்திட்டு நாப்பது நிமிஷம். அங்கயும் கல்லா?"

"ஆமா."

"அஞ்சு?"

"அதுலயும்."

இஞ்சின் சத்தம் நின்றது. வண்டியை ஓரம் கட்டிவிட்டார் போலிருந்தது. அக்காவின் விரல்கள் சட்டை நுனியில் தளர்ந்தன. அவன் அவற்றை எடுத்து மறுபடி அங்கேயே வைத்து, மேலே தன் கையை வைத்து அழுத்திக்கொண்டான்.

"சார், லைன்ல இருக்கீங்களா? எவ்ளோ சுத்தினாலும் பரவால்ல, போறேன். கல்லு இல்லாத கேட் எதுன்னு மட்டும் சொல்லுங்க சார்."