சுவரில் ஒட்டிய புரதம்

ஆய்வுக்கூடக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வேறு எதையோ தேடிக் கையை விட்டபோதுதான் சின்னவள் அந்த அல்புமின் பாட்டிலைப் பார்த்தாள். பழையது தீர்ந்துபோனதும் அவளே சொல்லி வரவழைத்து, அவளே உள்ளே வைத்தது. மூடியைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் வளையம் அறுபடாமல் அப்படியே இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புதிய டி.என்.எஃப் குப்பியை அவள் கரைத்துச் சில வாரங்கள் ஆகிவிட்டன. இந்தப் பாட்டிலைத் திறக்காமல் அதைக் கரைத்திருக்கவே கூடாது.

டி.என்.எஃப் என்பது நம் உடம்பே உண்டாக்கும் ஒரு புரதம். காயமோ கிருமியோ வந்தால் ஊரைக் கூட்டும் கூப்பாடு அது. சிலருக்குக் கூப்பாடு ஓய்வதே இல்லை. வந்தவர்கள் தீயை அணைத்த பிறகும் போகாமல் வீட்டையே இடிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஆராய்ச்சிக்காக, அதை உண்டாக்கும் மனித மரபணுவை பாக்டீரியாவுக்குள் நுழைத்துத் தயாரித்து, உலர்த்திக் குப்பியில் அடைத்து விற்கிறார்கள். 'மனிதர்களுக்குச் செலுத்துவதற்கு அல்ல' என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். அதைப் படிக்கும்போதெல்லாம் சின்னவளுக்குக் கசப்பாக ஒரு சிரிப்பு வரும். அவளுடைய அக்காவின் மணிக்கட்டுகளில் யாரும் செலுத்தாமலே அது வருஷக்கணக்காகப் பொங்கிக்கொண்டிருந்தது. மூட்டுவாதம் என்றார்கள். அக்கா பிழைப்பதோ தையலில்.

குப்பிக்குள் இருப்பது கண்ணுக்கே தெரியாது. காலிக் குப்பி என்று தூக்கிப் போட்டவர்கள்கூட உண்டு. அதைக் கரைத்து, பல்லாயிரம் மடங்கு நீர்க்கவைத்துத்தான் செல்களுக்குக் கொடுப்பார்கள். அப்படி நீர்க்கவைக்கும்போது கூடவே அல்புமின் என்ற மலிவான புரதத்தை நிறையச் சேர்க்கவேண்டும்; குழாயின் சுவரில் அது முதலில் படிந்துகொள்ளும். சேர்க்காவிட்டால் உள்ள கொஞ்சநஞ்சப் புரதமும் பிளாஸ்டிக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். செல்களுக்குப் போய்ச் சேர்வது வெறும் உப்புநீர். இது வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லாருக்கும் சொல்லித்தரும் பாலபாடம். அவளே பலருக்குச் சொல்லித்தந்திருக்கிறாள்.

குப்பியைக் கரைத்த அன்றைக்கு அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து போனில் அழுதுகொண்டிருந்தாள். மணிக்கட்டு எலும்பு அரித்து அரம் மாதிரி ஆகிவிட்டது, அது விரல்களைத் தூக்கிப்பிடிக்கும் தசைநாண்களை அறுத்துவிடும், உடனே ஆபரேஷன் செய்து மணிக்கட்டை அசையாமல் இணைத்துவிடவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மணிக்கட்டு மடங்காவிட்டால் நான் துணியை எப்படித் திருப்புவது என்று அக்கா திரும்பத் திரும்பக் கேட்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டு, ஆறுதல் சொல்லிக்கொண்டே சின்னவள் குப்பியைக் கரைத்தாள். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். இங்கே கை எல்லாவற்றையும் பழக்கத்தில் செய்துவிட்டது, ஒன்றைத் தவிர.

அவர்கள் சோதித்துக்கொண்டிருந்தது அந்தக் கூப்பாட்டை அடக்குமென்று நம்பிய ஒரு புது மருந்து. மூட்டுச் சவ்விலிருந்து எடுத்து வளர்த்த செல்களுக்கு டி.என்.எஃப் கொடுத்தால் அவை கொந்தளிக்கும். கடைசியில் சாயம் சேர்த்ததும் தட்டின் குழிகள் மஞ்சளாகும். மருந்தில்லாத தட்டுகளைப் பழைய கரைசலை வைத்து முன்பே முடித்திருந்தார்கள். எல்லாம் மஞ்சள். பிறகு புதிய கரைசலும் மருந்தும் சேர்ந்த தட்டுகள். ஒரு குழியில்கூட மஞ்சள் இல்லை, எல்லாம் வெறும் தண்ணீர் போலத் தெளிந்திருந்தன. ஆய்வுக்கூடத் தலைவர் தட்டைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் வைத்த பெயர் 'மைனஸ் எண்பது'. இருப்பதிலேயே குளிர்ந்த உறைபெட்டியின் வெப்பநிலை. அவர் சிரித்து அன்றுதான் எல்லாரும் பார்த்தார்கள். பழைய கரைசல், புதிய கரைசல் என்று யாருக்கும் தோன்றவில்லை. நல்ல சேதியை யார் குடைந்து பார்ப்பார்கள்?

சின்னவள் வீட்டுக்கு ஓடிப்போய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். மருந்தாக வர வருஷங்கள் ஆகலாம் என்பதையும் சொன்னாள்தான். ஆனால் முகமெல்லாம் சிரிப்பாக வைத்துக்கொண்டு சொன்னால் அது யார் காதில் ஏறும்? மறுநாளே அக்கா ஆபரேஷன் தேதியை வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தாள். சின்னவள் தடுக்கவில்லை. அவளுக்கும் நம்ப ஆசையாக இருந்தது. அதிலிருந்து அக்கா இலவு காத்த கிளியாக உட்கார்ந்திருக்கிறாள்.

பாட்டிலை எடுத்துக்கொண்டு நேராக மைனஸ் எண்பதின் அறைக்குப் போனாள். அவர் வளையத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். திட்டவில்லை. எல்லாவற்றையும் மறுபடி செய்யச் சொன்னார். இந்த முறை அல்புமின் சேர்த்துக் கரைத்தாள். சாயம் விட்டதும் மருந்தில்லாத குழிகள் மஞ்சளாயின. மருந்துள்ள குழிகளும் அதே மஞ்சளாயின. அவர் பக்கத்திலேயே நின்று பார்த்தார்.

"வெளியில யார்கிட்டயும் சொல்லலையேம்மா?"

"எங்க அக்காகிட்ட சொன்னேன் சார்."

தட்டை மூடிவைத்துவிட்டு, "அப்ப முதல்ல வீட்டுக்குப் போ" என்றார்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தாள். எப்படி அடுக்கினாலும் கடைசியில் ஒன்றுதான் வந்தது. கூடப்பிறந்தவளின் தலையில் தன் கையாலேயே கல்லைப் போட்டிருந்தாள். இன்னும் காலம் கடக்கவில்லை, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனால் போதும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் யாருடைய குழந்தைக்கோ வெட்டிய கவுன் துணி. இடதுகையால் சும்மா அதை நீவிக்கொண்டிருந்தாள்.

"என்னடி, வெயில் சாயறதுக்குள்ள வந்துட்ட?"

சின்னவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அக்கா, அந்த மருந்து வேலை செய்யல. தப்பு என்னோடது. கரைக்கிறப்ப ஒண்ணு சேர்க்க மறந்துட்டேன்."

"சரி, மறுபடி சேர்த்துப் பாரேன்."

"பார்த்துட்டேன்க்கா. அது எப்பவும் வேலை செய்யாது. நாளைக்கே போயி ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிடலாம். டாக்டர்கிட்ட நான் பேசறேன்."

அக்கா மடியிலிருந்த துணியை ஒதுக்கினாள். பிறகு அதற்கடியில் இருந்த வலதுகையை வெளியே எடுத்து நீட்டினாள். மோதிர விரலும் சுண்டு விரலும் மற்றவற்றோடு சேராமல் கீழே தொங்கின.

"முந்தாநேத்து கத்திரிக்கோல எடுக்கறப்ப என்னவோ விட்டுப்போன மாதிரி இருந்துச்சு. வலிகூட இல்ல. மருந்துதான் வரப்போகுதே, உன்னை ஏன் பயமுறுத்தணும்னு இருந்துட்டேன்."

சின்னவள் தரையில் உட்கார்ந்தாள். தொங்கிய விரல்களைத் தன் உள்ளங்கையால் தூக்கி நேராக்கினாள். கையை எடுத்ததும் அவை விழுந்தன.

"இன்னொரு தடவ தூக்கு" என்றாள் அக்கா.

தூக்கினாள். அக்கா மூச்சுவிடாமல் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தும் நேராக இருந்தன. சின்னவள் கையை எடுக்கவில்லை.