ஏழாம் வரைவில் அவள் நின்ற இடம்

...தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில், விண்ணப்பக் கட்டுரையில் அப்படித்தான் எழுதியிருக்கிறாள், மருத்துவமனை நடைக்கூடத்தின் முனையில் தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றபடி என் அண்ணன் செயற்கைக் காலில் முதல் அடி வைத்ததைப் பார்த்தேன், அந்த நிமிடத்தில்தான் பிசியோதெரபிஸ்ட் ஆவதென்று முடிவு செய்தேன்... இப்போது கண்ணை மூடினால் அந்த இயந்திரத்தின் உறுமல்கூடக் கேட்கிறது, தரை கழுவிய எலுமிச்சை வாசம், நடைவண்டியின் ஒரு சக்கரம் மட்டும் கீச்சிடுவது, எல்லாம் இருக்கிறது, பதினைந்து வயது கெல்சி நோவோட்னி மட்டும் அங்கே இல்லை, அவள் அன்றைக்கு வேறொரு ஊர்ப் பள்ளியில் கைப்பந்து ஆடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அந்த அண்ணன்தான் வண்டி ஓட்டுகிறான். அவளுடைய கார் கியர்பெட்டி போய் வீட்டு முற்றத்தில் கிடக்கிறது, நேர்முகம் பத்தரை மணிக்கு, டேன் தன் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான், வேண்டாமென்று சொல்ல ஒரு காரணமும் இல்லை, இருந்த ஒரே காரணத்தைச் சொல்லவும் முடியாது. வெளியே அறுத்த சோளக்காட்டில் கொக்குகள் ஆயிரக்கணக்கில் மேய்ந்துகொண்டிருந்தன, அவள் பார்க்கவில்லை, உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"என்னடி, பாடம் ஒப்பிக்கிறியா?" என்றான் டேன். "சத்தமா சொல்லு டாக்டரம்மா, நானும் கேக்குறேன்." நீ பேசாம ரோட்டப் பாரு என்றாள். "ரோடு எங்க ஓடிப்போகப் போவுது? நெப்ராஸ்கால ரோடு வளைஞ்சு எப்பவாச்சும் பாத்திருக்கியா நீ?" சிரித்தான், அம்மா கட்டிக்கொடுத்த கொலாச்சே இனிப்பு ரொட்டியில் ஒன்றை எடுத்துக் கடித்தான், உள்ளே வைத்த கசகசா மடியெல்லாம் சிந்தியது, இப்படிச் சிரிப்பவனிடம் எப்படி ஆரம்பிப்பது, டேன் நான் உன்னைப் பற்றி ஒரு பொய் எழுதியிருக்கிறேன் என்றா? உன்னைப் பற்றி அல்ல, என்னைப் பற்றி, ஆனால் உன் காலை வைத்து... பத்து இடங்கள். சின்ன ஊர்களிலிருந்து வரும் இளநிலை மாணவர்களுக்கென்று பத்தே பத்து. இரண்டாம் ஆண்டிலேயே தேர்வாகிவிட்டால் முதுநிலை பிசியோதெரபிப் படிப்பில் இடம் உறுதி, மதிப்பெண் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும், முடித்ததும் இதுபோன்ற ஊர் ஒன்றுக்குத் திரும்பி வர வேண்டும், அது அவளுக்கு ஒரு நிபந்தனையாகவே படவில்லை. கிடைக்காவிட்டால் நாடு முழுவதும் விண்ணப்பிக்கும் கூட்டத்தில் ஒருத்தி, கரிம வேதியியலில் வாங்கிய அந்த பி மைனஸ் மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு. அந்தக் கூட்டத்தில் பி மைனஸை யார் இரண்டாவது முறை பார்ப்பார்கள்?

முதல் வரைவில் உண்மைதான் இருந்தது, அதை யாரும் மறுக்க முடியாது. தானியத்தைக் களஞ்சியத்தில் ஏற்றும் சுழல்திருகில் என் அண்ணனின் இடது கால் போயிற்று, அவன் ஆறு வாரம் லிங்கன் நகர மருத்துவமனையில் இருந்தான், பிறகு நடந்தான். அவ்வளவுதான், அரைப் பக்கம். கல்லூரி ஆலோசகர் திருமதி லிண்டால் நல்ல மனுஷி, பொய் சொல்லு என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை, தாளைத் திருப்பிக் கொடுத்து "இதுல நீ எங்கம்மா இருக்க? அவன் நடந்தப்ப நீ எங்க நின்னுட்டிருந்த?" என்று மட்டும் கேட்டார். நின்றுகொண்டிருந்தாள் என்று அவரே முடிவு செய்துவிட்ட கேள்வி அது, அவளும் நடைக்கூடத்தின் முனையில் என்று சொல்லிவிட்டாள், ஒரு நொடிகூட ஆகவில்லை. நான்காம் வரைவில் எலுமிச்சை வாசம் வந்தது, ஐந்தில் சக்கரம் கீச்சிட்டது, ஏழாவதைப் படித்துவிட்டு லிண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கட்டுரைக்கு வரம்பு நாலாயிரத்து ஐந்நூறு எழுத்துகள், இடைவெளியும் சேர்த்து. போன வாரம் பள்ளியின் பழைய ஆட்டப் பதிவைத் தேடிப் பார்த்தாள், அக்டோபர் வியாழக்கிழமை, நோவோட்னி, பதினொரு சர்வீஸ். திரும்பும் பேருந்தில்தான் அம்மாவின் போன் வந்தது, நாலு அடி நடந்துட்டான் கெல்ஸ், நாலு அடி, பேருந்தே கைதட்டியது. அதைவிட மோசமானது ஒன்று எந்த வரைவிலும் இல்லை, ஆறு வாரத்தில் அவள் லிங்கனுக்குப் போனது இரண்டே முறை, இரண்டு முறையும் போர்வை மூடிய அந்த இடத்தைப் பார்க்காமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெட்ரோல் போட நிறுத்தினார்கள். அவள் கடைக்குள் போய்க் காபி வாங்கித் திரும்பினால் கண்ணாடி வழியே தெரிகிறது, டேன் அவளுடைய விண்ணப்பக் கோப்பைத் திறந்து ஸ்டியரிங் மேல் வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறான், உதட்டை அசைத்து, எதையுமே அவன் அப்படித்தான் படிப்பான், விதைப் பையின் பின்புறத்தைக்கூட. ஓடிப்போய்ப் பிடுங்கலாமா? இரண்டு கையிலும் காபி. முதல் பக்கத்தைப் புரட்டுகிறான், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிகிறான், அவள் குளிரில் நின்றபடி அவன் முகத்தையே பார்த்தாள், அதில் ஒன்றும் தெரியவில்லை, மாட்டு ஏலத்தில் இருக்கும்போது வைத்துக்கொள்ளும் முகம். கதவைத் திறந்து ஏறினாள். "நல்லாத்தான் எழுதிருக்க," என்றான், "படிச்சா எனக்கே என் மேல பாவமா இருக்கு." டேன், அதுல ஒரு விஷயம், அன்னிக்கு நான்... "தண்ணி மெஷின்கிட்டதான நின்ன," என்றான் அவன், சாவியைத் திருப்பியபடி. "முட்டில அந்தக் கறுப்புப் பட்டையக்கூட கழட்டாம வந்துட்ட. அம்மா ஒரே அழுகை. நீ ஒருத்திதான் அழல. உன்னையப் பாத்துத்தான் நான் அடுத்த அடி வெச்சேன். நிமிந்து உக்காரு, சட்டைல காபி ஊத்திக்கப் போற."

முட்டிப் பட்டை. அது எந்த வரைவிலும் இல்லை. அவள் எழுதவே இல்லை, எழுதாதது அவனுக்கு எங்கிருந்து வந்தது? மீதி வழி முழுக்க அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரக்கப்பட்டுச் சொல்கிறானா, டேன் இரக்கத்துக்காகப் பொய் சொல்கிறவன் இல்லை, பள்ளிப் பட்டமளிப்பு நாளன்று அவள் முடிவெட்டைப் பார்த்து ஆடு மேய்ந்த மாதிரி இருக்கிறதென்று எல்லார் முன்னாலும் சொன்னவன். வலிமருந்தின் மயக்கமா, வேறொரு நாளை அந்த நாளோடு சேர்த்துக்கொண்டானா, அல்லது அங்கே யாராவது நிற்க வேண்டியிருந்தது, அதனால் நிறுத்திக்கொண்டானா... அங்கே நிற்க அவளுக்கு ஏழு வரைவு தேவைப்பட்டது, அவன் யாரும் கேட்காமலே அவளை ஐந்து வருடமாக அங்கே நிறுத்தி வைத்திருக்கிறான். இல்லை, நான் வரவில்லை என்று இப்போதே சொல்லிவிடலாம், இந்தப் பாலம் தாண்டியதும், அந்தத் தானியக் கோபுரம் தாண்டியதும்... வண்டி நிறுத்துமிடத்துக்கே வந்துவிட்டார்கள், டேன் அவள் தோளிலிருந்த கசகசாவைத் தட்டிவிட்டான், "கடிச்சுட மாட்டாங்க, போ," என்றான், பிறகு தானும் இறங்கி, இடுப்பைச் சற்று வீசி நடக்கும் அந்த நடையில் பின்னாலேயே வந்தான், வெளியே குளிருதுடி, உள்ள ஒரு நாற்காலி குடுக்க மாட்டாங்களா என்று.

நேர்முகம் எடுக்க மூன்று பேர். நடுவில் இருந்த டாக்டர் ப்ரூயிட் மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றியிருந்தார், அறை ஹீட்டர் கொதிக்கிறது என்று சொல்லிக் கதவை முழுதாகச் சாத்தாமல் விட்டார். வேதியியலைப் பற்றிக் கேட்டார்கள், சொன்னாள். உள்ளூர்ச் சிகிச்சையகத்தில் பார்வையாளராக இருந்த நூற்று நாற்பது மணி நேரத்தைப் பற்றிக் கேட்டார்கள், சொன்னாள். வெளி அறையில் டேன் அங்கிருந்த செயலாளர் அம்மாவிடம் வைக்கோல் கட்டும் இயந்திரத்தைப் பற்றி அளந்துகொண்டிருந்தான், அந்த அம்மாளின் அப்பாவிடமும் அதே இயந்திரம் இருந்ததாம், இருவரும் சிரித்தார்கள். பிறகு டாக்டர் ப்ரூயிட் கட்டுரையைக் கையில் எடுத்தார். "இத நாங்க மூணு பேருமே ரெண்டு தடவ படிச்சோம், கெல்சி. அந்த நடைக்கூடத்துல நின்னப்ப உங்க மனசுல என்ன ஓடுச்சுன்னு சொல்லுங்களேன்." வாக்கியம் தயாராக நாக்கில் வந்து நின்றது, ஆட்டம் முடிந்து முட்டிப் பட்டையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தேன் என்று, அது எவ்வளவு அழகான வாக்கியம், எட்டாவது வரைவே எழுதிவிடலாம் போலிருந்தது, அதைச் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் அது தன்னுடையது இல்லை என்று உறைத்தது, அந்தப் பட்டை அவனுடையது, அந்த நாளில் அவன் தனக்காகப் பிடித்து நின்றது அது ஒன்றைத்தான், அதையும் எடுத்து இந்த மேசைமேல் வைத்துவிட்டுப் போவதா ஒரு இடத்துக்காக? "நான் அங்க இல்ல," என்றாள். குரல் நினைத்ததைவிட உரக்க வந்தது. "அன்னிக்கு வெளியூர்ல மேட்ச் இருந்துச்சு. அந்த ஆறு வாரத்துல ரெண்டே தடவதான் போனேன். எனக்கு அந்தக் கால பாக்க பயம். எழுதி எழுதி நான் அங்க இருந்த மாதிரி ஆயிடுச்சு. சிகிச்சையகத்துல மொத நாள் ரயில்வேல இருந்த பெரியவர் ஒருத்தர், கால் எடுத்தவரு, மிச்சக் கால்ல மாட்டுற சாக்ஸ கொஞ்சம் புடிம்மான்னு நீட்டினாரு, மொதல்ல ஜன்னலத்தான் பாத்தேன், அப்புறம் புடிச்சேன். அதுக்கப்புறம்தான் இந்தப் படிப்ப நெனச்சேன். அத எழுதிருக்கணும். எழுதல."

டாக்டர் ப்ரூயிட் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு எதையோ எழுதினார், ஓரத்தில் இருந்தவர் தாளை ஒரு முறை புரட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார், யாரும் முகம் சுளிக்கவில்லை, புன்னகைக்கவும் இல்லை, இடம் போய்விட்டதா, இருக்கிறதா, தெரியவில்லை, ஆனாலும் அப்பாடா, சொல்லியாயிற்று, உண்மையை யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம்... அப்போதுதான் கவனித்தாள், வெளி அறையில் பேச்சு இல்லை. செயலாளர் அம்மாவின் விசைப்பலகை மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. வைக்கோல் இயந்திரக் கதை முடிந்துவிட்டதா? முடிந்தால் டேன் அடுத்ததை ஆரம்பித்திருப்பானே, சும்மா உட்காரத் தெரியாதே அவனுக்கு. கதவின் இடைவெளி ஒரு கை அகலம்தான், அதில் சுவர் தெரிந்தது, யாரும் தெரியவில்லை. கடைசியாக அவன் குரலைக் கேட்டது எப்போது, கேள்விக்கு முன்பா, அவள் வாயைத் திறந்த பிறகா, நான் அங்க இல்ல என்றது அவன் காதிலும் விழுந்ததா? "வேற ஏதாவது சொல்லணுமா கெல்சி?" என்று டாக்டர் ப்ரூயிட் கேட்டார், அவள் கதவையே பார்த்தபடி, தெரியவில்லை என்று தலையசைத்தாள்.