மாப்பிள்ளை டயர்கள்

மூன்று நாளில் முடிந்துவிடும் என்று சொல்லித்தான் பக்கத்து நாட்டுக்குள் படையெடுத்தார்கள். அதனால் எல்லை தாண்டிய முதல் லாரியில் என்ன போனது தெரியுமா? வெற்றி விழா மேடை. மடக்கு மேடை ஒன்று, சிவப்புக் கம்பளம், இரண்டு மைக். ஏற்றி அனுப்பியவள் நான்தான். சாப்பாட்டு லாரிக்குப் பதினாறாவது இடம். நான்காம் நாள் முன்வரிசையில் சிப்பாய்கள் பட்டினி கிடந்தபோதும் கம்பளம் மட்டும் மடிப்புக் கலையாமல் இருந்ததாம்.

நான் ஐந்தாம் சப்ளை டிப்போவில் ஸ்டோர்கீப்பர். பதினோரு வருட சர்வீஸ். என் வீட்டுக்காரர் அதே ராணுவத்தில் டீசல் டேங்கர் ஓட்டுகிறார். புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒரே இடத்தில் வேலை என்று மாமியார் பார்ப்பவரிடமெல்லாம் பெருமை அடிப்பார். போர் தொடங்கிய பிறகு அந்த ஒரே இடம் நூற்றெண்பது கிலோமீட்டர் நீளமாகிவிட்டது.

எங்கள் சப்ளைப் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. டிப்போக்கள் மொத்தம் ஐந்து. ஒவ்வொன்றிலும் நானூறு புது லாரி டயர் இருக்க வேண்டும் என்பது விதி. ஆக, இரண்டாயிரம். உண்மையில் இருந்தது மொத்தமே நானூறு. மிச்சம் எங்கே என்று என்னைக் கேட்காதீர்கள். நான் வேலைக்குச் சேரும் முன்பே அவை காகிதத்தில் மட்டும்தான் இருந்தன. ஆய்வு அதிகாரி வருஷத்துக்கு ஒருமுறை வருவார். திங்கள் முதல் டிப்போ, செவ்வாய் இரண்டாவது, அப்படியே வெள்ளிக்கிழமை நாங்கள். மதியம் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு ஒரு குட்டித் தூக்கம் போடுவார். அதற்குள் அதே நானூறு டயர் குறுக்கு வழியில் அடுத்த டிப்போவுக்குப் போய் அடுக்கி நின்றுவிடும். வீடு வீடாக விருந்துக்குப் போவதால் அவற்றுக்கு மாப்பிள்ளை டயர்கள் என்று பெயர்.

மாப்பிள்ளை என்றால் மினுக்கு வேண்டாமா? வருஷக்கணக்காக வெயிலில் கிடந்து, ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமலே கிழடு தட்டிப்போன டயர்கள் அவை. பக்கவாட்டில் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. ஷூ பாலிஷில் சமையல் எண்ணெய் கலந்து தேய்த்தால் வெடிப்பு தெரியாது. அந்தக் கலவையைக் கண்டுபிடித்தது நான். ஐந்து டிப்போவிலும் எனக்கு நல்ல பெயர். ஆய்வு வாரம் முழுக்க என் கையில் அந்த வாசனை இருக்கும். பூட்ஸை எண்ணெயில் வதக்கியதுபோல் இருக்கிறது என்று வீட்டுக்காரர் மூக்கைப் பொத்துவார். பொத்திக்கொண்டே பக்கத்தில் வந்து உட்காருவார்.

போரின் ஏழாம் நாள் முன்வரிசைக்கு டயர் கேட்டு உத்தரவு வந்தது. நல்லவேளையாக முதல் டிப்போவைக் கேட்டார்கள்; மாப்பிள்ளைகள் அப்போது அங்கேதான் இருந்தார்கள். நானூறும் போய்விட்டன. மற்ற நாலு டிப்போவும் எப்போதும்போல் காலைக் கணக்கில் ஆளுக்கு நானூறு என்று வாசித்துக்கொண்டிருந்தோம். தலைமையகம் அதை நம்பி அடுத்த திட்டத்தைப் போட்டது.

ஒன்பதாம் நாள் மதியம் வீட்டுக்காரர் போன் செய்தார்.

"என்னம்மா, சாப்பிட்டியா?"

"நீங்க சாப்பிட்டீங்களா? அதைச் சொல்லுங்க."

"பிஸ்கட் இருக்கு. பாக்கெட்ல போட்ட தேதியை மட்டும் பாக்கக் கூடாது."

ஆற்றுப் பாலத்தைத் தாண்டிச் சதுப்புக்கு நடுவில் ஒற்றைச் சாலை. அதில் இருநூற்றுப் பன்னிரண்டு லாரிகள் வால் பிடித்து நிற்கின்றன, பாதி வண்டிக்கு டயர் இல்லை. எதிரிகள் டாங்கிகளைச் சீண்டுவதே இல்லையாம்.

"டீசல் வண்டியா பாத்துப் பொறுக்கி அடிக்கறாங்க. டீசல் இல்லேன்னா டாங்கி வெறும் இரும்புப் பெட்டிதானே? விவரமான ஆளுங்க" என்றார், என்னவோ பக்கத்து வீட்டுக்காரரைப் பாராட்டுவதுபோல. அவர் ஓட்டுவதும் டீசல் வண்டிதான்.

"புது டயர் வந்துச்சு. பளபளன்னு. மாட்டிப் பத்து கிலோமீட்டர் போறதுக்குள்ள ரெண்டு படார். கையெல்லாம் ஒரே கருப்பு. மோந்து பாத்தேன்."

நான் போனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

"உன் கை வாசனை. கோவமெல்லாம் இல்லம்மா. வீட்டு ஞாபகம் வந்துச்சு, அவ்வளவுதான்."

பின்னால் யாரோ கர்ணகடூரமாகப் பாடிக்கொண்டிருந்தார். யாரது என்று கேட்டேன், பேச்சை மாற்ற.

"நம்ம பாட்டுக்காரன். எனக்கு முன்னாடி வண்டி. இருக்கறதுல சுமாரா தேறின டயரையெல்லாம் அவன் வண்டிக்குத்தான் மாட்டினோம். காலையில அவன் முதல்ல போறான். ஆயிரத்து அறுநூறு டயர் பின்னாடியே வருது, முன்னேறுங்கன்னு உத்தரவு. வருதுல்ல?"

"லைன் சரியா கேக்கலைங்க" என்று வைத்துவிட்டேன். லைன் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது.

நேராக டிப்போ கமாண்டர் அறைக்குப் போனேன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஆகட்டும். எதைக் கேட்டாலும் ஆகட்டும் என்பார், எதுவும் ஆகாது.

"சார், டயர் இல்லேன்னு தலைமையகத்துக்குச் சொல்லிடலாம். அவங்களைத் திருப்பிக் கூப்பிடச் சொல்லுங்க."

"ஆகட்டும்."

"இப்பவே சொல்லணும் சார்."

"ஆகட்டும்மா. காலைக் கணக்குல பாத்துக்கலாம். ஒரு நாள்ல என்ன குடிமுழுகிடப் போகுது?"

போன் அவர் மேஜையில், என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்திருக்கலாம். பதினோரு வருட சர்வீஸ் கையைப் பிடித்துக்கொண்டது. இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல் இருக்கிறது.

காலை எட்டு மணி. ஐந்து டிப்போவும் ஒரே லைனில் வரும். ஒருவர் வாசிப்பது மற்ற எல்லோருக்கும் கேட்கும். முதல் டிப்போ அனுப்பியாயிற்று என்றது. இரண்டாவது நானூறு என்றது. மூன்றாவதும் நானூறு, நல்ல நிலையில் என்று கூடுதலாக ஒரு புளுகு. நான்காவது நானூறு. என் முறை வந்தது. ஆகட்டும் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சாம் டிப்போ. பூஜ்யம்."

"எப்ப அனுப்பினீங்க?" என்றது தலைமையகக் குரல்.

"அனுப்பலை சார். இருந்ததே இல்லை. முதல் டிப்போ அனுப்பினாங்களே, அதுதான் எல்லாரோட நானூறும். அதுவும் செத்த டயர். பாலிஷ் போட்டது நான்."

ஆகட்டும் முதல்முறையாக வேறு வார்த்தை பேசினார். "ஐயோ" என்றார்.

பிறகு நான்காம் டிப்போ அம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்களுக்கும் பூஜ்யம்தான் சார்" என்றார். மூன்றாவது பூஜ்யம். இரண்டாம் டிப்போக்காரர் அழுதுகொண்டே பூஜ்யம் என்றார்.

பத்து மணிக்குப் பின்வாங்க உத்தரவு போயிற்று. பின்வாங்கவும் டயர் வேண்டுமே, அதனால் வண்டிகளை அப்படியே போட்டுவிட்டு நடந்து பாலத்தைத் தாண்டினார்கள். நாலு மணிக்கு அந்தச் சாலை முழுக்க எரிந்தது. வெற்றி விழா மேடையும் அதில் போனது. அதற்காக ஒரு சொட்டுக் கண்ணீர்கூட நான் விடவில்லை. என் வீட்டுக்காரர் நாலு நாள் நடந்து, கால் வீங்கி வந்து சேர்ந்தார். இருநூற்றுப் பன்னிரண்டு டிரைவர்களில் இருநூற்றுப் பதினொருவர் திரும்பினார்கள். பாட்டுக்காரர் அன்று ஏழு மணிக்கே கிளம்பியிருந்தார். சதுப்பின் நடுவில் அவர் டயர் வெடித்து வண்டி நின்றிருக்கிறது. நின்ற வண்டியை எதிரிகள் விடவில்லை.

விசாரணை நடந்தது. ஆயிரத்து அறுநூறு டயர்களை நான் திருடி விற்றுவிட்டேன் என்பது குற்றச்சாட்டு.

"இல்லாததை எப்படிய்யா திருடறது?" என்றேன்.

"இருந்ததுன்னு வருஷா வருஷம் நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க?" என்றார் அதிகாரி. மூன்று வருஷம் கொடுத்தார்கள். ஆகட்டும் இப்போது ஆய்வு அதிகாரி.

முதல் மாதம் வீட்டுக்காரர் சிறைக்குப் பார்க்க வந்தார். கம்பிக்குள் கையை விட்டு என் கையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

"வாசனை போயிடுச்சே" என்றார்.

சிரிக்கத்தான் பார்த்தேன். வேறொன்று வாயில் வந்தது. "பாட்டுக்காரர் வண்டிக்கு மாட்டின டயரை மோந்து பாத்தீங்களா?"

என் கையை மூக்கிலிருந்து இறக்கினார்.

"எல்லாத்தையும்தான் மோந்து பாத்தேன்."

"தெரிஞ்சேவா மாட்டினீங்க?"

"ஆயிரத்து அறுநூறு பின்னாடி வருதுன்னு நினைச்சேன்மா. வெடிச்சாலும் மாத்திக்கலாம்னு" என்றார். குரலில் கோபமே இல்லை. "உன்கிட்ட கேட்டேனே. நீ வரலேன்னு சொல்லலையே."

மணி அடிக்கும்வரை அவர் என் கையை விடவில்லை.