கயிற்றை விட்டவர்கள்

"ஆர் பெட்டி தூக்கிறது?" என்று பாதர் மூன்றாவது தடவையாகக் கேட்டபோது, ஆன்சலா பெட்டிக்குள் கிடந்த அப்பாவின் சட்டைக் கொலரை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

பெற்றோல் இல்லாத அந்த ஆடி மாதத்தில் யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர் எவரும் முல்லைத்தீவுக் கரைக்கு வந்துசேரவில்லை. வீட்டில் நின்ற ஆண்கள் இரண்டு பேர். இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது.

அப்பா அல்பேர்ட் அந்தக் கரையில் சம்மாட்டி, வலைக்குச் சொந்தக்காரர். அவருடைய கரைவலையை இருபத்தெட்டுப் பேர் கயிறு பிடித்து இழுத்தார்கள். அவர் வீட்டுச் சாவுகளுக்குத் தோள் கொடுத்தவர்களும் அவர்கள்தான். சித்திரையில் படகுக்கு மண்ணெண்ணெய் தட்டுப்பாடானதும், எண்ணெய்ச் செலவென்று அவர் அவர்களின் மீன் பங்கில் கைவைத்தார். அரிசி விலையும் ஏறியது. அவர்கள் வீடுகளில் அடுப்பு ஒருநேரம்தான் எரிந்தது. சம்மாட்டி வீட்டுக் குசினியில் மூன்று நேரமும் புகை எழுந்ததைக் கரை முழுவதும் பார்த்தது. ஒருநாள் காலை, வலை பாதித்தூரம் வந்தபோது இருபத்தெட்டுப் பேரும் கயிற்றை மணலில் போட்டார்கள். வலை கிழிந்து கடலோடு போனது. அவர் வெளியூர் ஆட்களை இறக்கினார். அன்று பின்னேரம் கரையில் மீன் போட்டுவைக்கும் அவருடைய வாடி எரிந்தது. முன்னுக்கு நின்ற யூட்சன்மேல் பொலிசில் முறைப்பாடு கொடுத்தார். பத்தாம் நாள் முற்றத்தில் நெஞ்சைப் பிடித்தபடி விழுந்தவர் எழும்பவில்லை.

"நான் போய்க் கூப்பிடுறன்," என்றாள் ஆன்சலா.

தாய் மதலேனா தலை நிமிரவில்லை. "ஆரை? வாடி கொளுத்தினவங்களையோ?"

"வேற ஆர் இருக்கினம், அம்மா?"

மணல் ஒழுங்கையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனாள். யூட்சனின் படலைக்குள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி நின்றார்கள். கிட்டப் போனபிறகுதான் எல்லாரும் வெள்ளைச் சட்டை போட்டிருப்பதைக் கண்டாள்.

"வெளிக்கிட்டு நிக்கிறியள்..."

"காலமை துடக்கம் நிக்கிறம், அக்கா," என்றான் யூட்சன். "வந்தால் உங்கட அம்மா கலைச்சுப்போடுவாவோ எண்டு பயம்."

அவள் சைக்கிளைப் படலையில் சாத்தினாள்.

"பெட்டியைத் தூக்குவம்," அவன் தொடர்ந்தான். "ஆனா நாளைக்குக் கயிறு பிடிக்கச் சொல்லி ஆரும் வரப்படாது. அதை இப்பவே சொல்லிப்போடுறன்."

"நான் அதுக்கு வரேல்ல," என்றாள். "எண்ணெய்க்கெண்டு பங்கில கழிக்கிறது இனி இல்லை. முறைப்பாட்டையும் திங்கக்கிழமை நானே போய் எடுத்துவிடுறன்."

"அம்மா ஓம் எண்டுவாவோ?"

"அவாவோட நான் கதைக்கிறன்."

யூட்சன் மற்றவர்களைப் பார்த்தான். ஒருவர் பின் ஒருவராக ஒழுங்கையில் இறங்கினார்கள்.

அடக்கம் செய்யச் சேமக்காலைக்குப் போகும் வழியில், "பாரமான மனுசன்," என்று பெட்டியின் கீழிருந்து யாரோ முணுமுணுத்தார்கள். இன்னொரு குரல் சிரிப்பை அடக்கியது. பின்னால் நடந்த ஆன்சலாவுக்கும் உதட்டோரம் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கண்ணும் நிறைந்திருந்தது.

அடக்கம் முடிந்து திரும்பியவர்கள் வழக்கம்போல உள்ளே ஏறாமல் முற்றத்திலேயே நின்றார்கள். மதலேனா வாசலுக்கு வந்தாள். யூட்சனை நேரே பார்க்கவில்லை.

"உள்ளுக்கு வாங்கோ. கதிரை கிடக்குது."

அவர்கள் தயங்கித் தயங்கி ஏறி, கதிரைகளின் நுனியில் உட்கார்ந்தார்கள். ஆன்சலா தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். மினுக்கிய சீமெந்துத் தரை எங்கும் அவர்கள் காலில் வந்த மணல்.

"பிறகு கூட்டிவிடு, பிள்ளை," என்றாள் மதலேனா மெதுவாக.

"கிடக்கட்டும், அம்மா."

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஆன்சலா அந்த மணலின்மேல் நடந்து போய் ஜன்னலைத் திறந்தாள்.